தொடக்கநிலைக் கேமராவா, நடுத்தரமா: கூடுதல் பணம் எங்கே போகிறது?

கேனான் ஆர்50, ஆர்10 இரண்டையும் அருகருகே வையுங்கள். ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே வெளிச்சத்தில், ஒரே அமைப்பில் பத்துப் பத்துப் படம் எடுங்கள். பிறகு கணினியில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுப் பாருங்கள். எது எதில் எடுத்தது என்று பிரித்துச் சொல்வது முடியாத காரியம். இரண்டிலும் 24.2 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய வகை), இரண்டிலும் டிஜிக் எக்ஸ் செயலி, ஃபோகஸ் முறையும் ஒரே தலைமுறை. 2022-இல் வந்த ஆர்10 நடுத்தர வரிசையின் முதல் படி. 2023-இல் வந்த ஆர்50 தொடக்கநிலை. வித்தியாசம் விலையில் இருக்கிறது, படத்தில் இல்லை.

கேமரா வாங்கப் போகிறவர்களில் பலர் கையிலுள்ள பணம் முழுவதையும் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) போட்டுவிட்டு, பெட்டியோடு வந்த கிட் லென்ஸிலேயே வருடங்களை ஓட்டுகிறார்கள். படம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றதும் அடுத்த பாடியைத் தேடுகிறார்கள். எங்கள் கருத்து நேரடியானது: பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கநிலை பாடியும் ஒரு நல்ல லென்ஸும், நடுத்தர பாடியும் கிட் லென்ஸும் சேர்ந்ததைவிட மேல். சில வேலைகளுக்கு இது பொருந்தாது. அந்த வேலைகள் எவை, அங்கே எது கைகொடுக்கும் என்பதையும் சொல்கிறோம்.

பாடியில் மாறுவது என்ன

ஆர்50-இல் இருப்பது ஒரே டயல். மேனுவல் முறையில் ஷட்டர் வேகத்தை மாற்றிவிட்டு அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மாற்ற வேண்டுமானால், இடையில் ஒரு பட்டனைத் தட்டி டயலின் வேலையை மாற்ற வேண்டும். ஆர்10-இல் இரண்டு டயல்களும், ஃபோகஸ் புள்ளியை நகர்த்தத் தனி ஜாய்ஸ்டிக்கும் உண்டு. வியூஃபைண்டரில் வைத்த கண்ணை எடுக்காமலேயே எல்லாவற்றையும் மாற்றலாம். ஆட்டோவிலோ அப்பர்ச்சர் முன்னுரிமையிலோ படமெடுப்பவருக்கு ஒரு டயலே தாராளம். மேனுவலில் பழகியவருக்கு இரண்டாவது டயல் இல்லாதது நாள் முழுக்க எரிச்சல் தரும்.

ஷட்டரிலும் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. ஆர்50-இல் முழு மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. முதல் திரை எலக்ட்ரானிக், இரண்டாவது மட்டும் உண்மையான திரை. அன்றாடப் படங்களில் இது தெரியாது. எஃப்/1.4, எஃப்/1.8 போன்ற அகலத் திறப்பில் வெயிலில் 1/2000 நொடியைவிட வேகமாகப் போனால், பின்னணியில் மங்கலாகத் தெரியும் ஒளி வட்டங்களின் ஒரு பக்கம் வெட்டியதுபோல் வரலாம். ஆர்10-இல் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது விஷயத்தைத் தகவல் பட்டியலில் யாரும் கவனிப்பதில்லை. அது ஃப்ளாஷ் பொருத்தும் ஷூ. ஆர்50-இன் ஷூவில் பழைய வகைத் தொடர்புப் புள்ளிகள் இல்லை. வீட்டில் இருக்கும் பழைய கேனான் ஃப்ளாஷை வைக்க ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். ஆர்10-இல் நேரடியாக மாட்டலாம். ஃப்ளாஷ் ஏற்கெனவே கையில் உள்ளவர்கள் அடாப்டரின் விலையையும் கணக்கில் சேர்த்தே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

மற்ற நிறுவனங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். "நடுத்தரம்" என்ற பெயர் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. சோனி ஏ6700, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20, நிக்கான் இசட்50-2 ஆகிய மூன்றிலும் மெமரி கார்டுக்கு ஒரே இடம்தான். கேனான் ஆர்7-இலும் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி5-இலும் இரண்டு. இசட்50-2-இல் பாடிக்குள் குலுக்கல் தடுப்பு கிடையாது. தொடக்கநிலையில் விற்கும் ஒலிம்பஸ் இ-எம்10 நான்காம் பதிப்பில் அது உண்டு. விலைப்படியை வைத்து வசதிகளை ஊகிக்காமல், உங்களுக்குத் தேவையான வசதியை ஒவ்வொரு மாடலிலும் தேடிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மெகாபிக்சலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்தர அச்சிலேயே 20 × 13 அங்குலப் படம் கிடைக்கும். எக்ஸ்-டி5-இன் 40 மெகாபிக்சல் அதே தரத்தில் ஏறக்குறைய 26 × 17 அங்குலம் தரும். எண்ணிக்கையில் பெரிய தாவலாகத் தெரிவது, நீள அகலத்தில் 29 சதவீதம்தான். பறவைகளைத் தூரத்திலிருந்து எடுத்து வெட்டிப் பெரிதாக்குபவருக்கு அது பயன்படும். மற்றவர்களுக்குக் கோப்பின் அளவுதான் கூடும்.

லென்ஸின் கணக்கு

இரவில் வீட்டுக் கூடம், சாதாரண விளக்கு வெளிச்சம், நடந்து திரியும் குழந்தை. அசைவு ஓரளவு தெளிவாக வர ஷட்டர் வேகம் குறைந்தது 1/125 வேண்டும். ஆர்50-உடன் வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸை முழுதாக நீட்டினால் திறப்பு எஃப்/6.3. அந்த வெளிச்சத்துக்கு கேமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 16,000 அளவுக்கு ஏறும். முகத்தில் மணல் தூவியதுபோல் நாய்ஸ், தலைமுடியின் விவரம் கரைந்துபோகும். அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 1,250 போதும். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 12.25, அத்தனை மடங்கு கூடுதல் வெளிச்சம் சென்சாருக்குப் போகிறது. ஆர்50-ஐக் கொடுத்துவிட்டு ஆர்10 வாங்கினாலும், ஏன், ஆர்7-ஐயே வாங்கினாலும், அதே கிட் லென்ஸ் இருக்கும்வரை இந்தப் பன்னிரண்டு மடங்கு கிடைக்காது.

முழு ஃபிரேம் ஆசையையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 36 × 24 மி.மீ. சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியைவிட, நிறுவனத்தைப் பொறுத்து, 2.3 முதல் 2.6 மடங்கு. கேனான் ஆர்8-ஐ 24-50 மி.மீ. எஃப்/4.5-6.3 கிட் லென்ஸோடு வாங்கினால் அந்த ஆதாயம் உண்மையானதுதான். ஆனால் ஏபிஎஸ்-சி பாடியில் சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைப் போட்டால், எஃப்/6.3-ஐவிட 5 மடங்கு வெளிச்சம். சின்ன சென்சாரும் நல்ல லென்ஸும் சேர்ந்து பெரிய சென்சாரையும் மட்டமான லென்ஸையும் முந்திவிடுகின்றன.

எந்த லென்ஸ் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜூம் இல்லாத லென்ஸைப் பிரைம் என்பார்கள். "முதல் பிரைம் லென்ஸ் என்றால் 50 மி.மீ. எஃப்/1.8" என்ற அறிவுரை ஃபிலிம் காலத்திலிருந்து வருகிறது. கேனான் ஏபிஎஸ்-சியில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். நிற்கும் ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். சாதாரண அறையில் முதுகு சுவரில் முட்டும். அதே படத்தை 30 மி.மீ. லென்ஸில் 2.7 மீட்டரிலிருந்து எடுத்துவிடலாம். ஆகவே வீட்டுக்குள் எடுப்பவர்கள் 24 முதல் 35 மி.மீ. வரை தேட வேண்டும்: நிக்கானில் டிஎக்ஸ் 24 மி.மீ. எஃப்/1.7, சோனியில் 35 மி.மீ. எஃப்/1.8, ஃபியூஜிஃபில்மில் எக்ஸ்சி 35 மி.மீ. எஃப்/2, எல்லாவற்றுக்கும் கிடைக்கும் சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4. முகத்தை மட்டும் நெருக்கமாக, பின்னணி கரைந்துபோக எடுக்க விரும்புபவருக்கு 50 அருமையான லென்ஸ். அதற்காக அதை மட்டும் வைத்துக்கொண்டு குடும்ப விழாவுக்குப் போகாதீர்கள்.

"இரட்டை லென்ஸ் கிட்" என்று இன்னொன்றை விற்பார்கள். கேனானில் அது 18-45-உடன் 55-210 மி.மீ. எஃப்/5-7.1. வெயிலில் மைதானம், விலங்குக் காட்சியகம் போன்ற இடங்களில் 210 மி.மீ. நன்றாகவே வேலை செய்கிறது, கூர்மையும் குறை சொல்லும்படி இல்லை. பள்ளி ஆண்டுவிழா மேடையில் எஃப்/7.1 கைவிட்டுவிடும். மேடைதான் நோக்கம் என்றால் இரண்டாவது லென்ஸுக்கான பணத்தைச் சேர்த்துவைத்து, பிறகு 56 மி.மீ. எஃப்/1.4 போன்ற ஒன்றை வாங்கி, நாற்காலியை முன்வரிசைக்கு நகர்த்துங்கள்.

இதனால்தான் பாடியைவிட மவுன்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்தின் வகையை, முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். சோனி இ, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ் இரண்டிலும் ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸ்கள் பல விலையில் குவிந்து கிடக்கின்றன. கேனான் ஆர்எஃப் மவுன்ட்டில் சிக்மா, டாம்ரான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு 2024-இல்தான் கதவு திறந்தது. அதற்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. "கேனானுக்கு லென்ஸே இல்லை" என்று சொல்லும் பழைய மதிப்புரைகளைத் தேதி பார்த்துப் படியுங்கள்.

குலுக்கல் தடுப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது

நடுத்தர பாடிகளில் பணத்துக்கு உண்மையான மதிப்புத் தருவது சென்சாரையே அசைத்துக் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்துவைக்கலாம். ஏ6700-க்கு 5 ஸ்டாப், எக்ஸ்-எஸ்20-க்கு 7 ஸ்டாப் வரை என்று நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. அவை ஆய்வகத்தில் அளந்த எண்கள். கையில் பிடித்து எடுக்கும்போது அதில் ஓரிரண்டு ஸ்டாப்பைக் கழித்துக்கொள்வது நல்லது. 50 மி.மீ. லென்ஸில் ஏபிஎஸ்-சியில் 1/80 வேண்டிய இடத்தில் 3 ஸ்டாப் கிடைத்தால் 1/10-லும் கூர்மையாக எடுக்கலாம். கட்டடங்களின் உட்புறம், இரவுத் தெரு, அருங்காட்சியகம் என ட்ரைபாட் கொண்டுபோக முடியாத இடங்களில் இது பெரிய வரம். பிரைம் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகக் குலுக்கல் தடுப்பு இல்லை என்பதால், பிரைம் விரும்பிகளுக்கு இது கூடுதல் லாபம்.

ஆனால் நம் கைதான் அசையாமல் நிற்கிறது, எதிரில் இருப்பவர் அசைகிறார். கூடத்தில் ஓடும் குழந்தைக்கு 1/10 எதற்கும் உதவாது. நடப்பவருக்கு 1/125, ஓடுபவருக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 என்ற கணக்கில் மாற்றமே இல்லை. மனிதர்களை மட்டும் எடுப்பவர் இந்த வசதிக்காகப் பாடியை உயர்த்த வேண்டாம். அகலத் திறப்பு லென்ஸ்தான் அவருக்குத் தீர்வு. வீடியோ எடுப்பவருக்கு நேர்மாறு. கையில் பிடித்து எடுக்கும் வீடியோவில் பாடிக்குள் இருக்கும் அமைப்பு இல்லையென்றால், கேமரா டிஜிட்டல் முறையில் ஓரங்களை வெட்டிச் சமாளிக்கும். அப்போது அகலக் கோணம் சுருங்கும். 16 மி.மீ. லென்ஸில் கையை நீட்டிப் பிடித்துத் தன்னையே எடுப்பவர் திரையில் தன் முகம் மட்டுமே நிரம்பியிருப்பதைப் பார்த்து ஏமாந்துபோவார்.

வேகம் என்ற எண்ணுக்குப் பின்னால்

ஆர்50 நொடிக்கு 12 படம் எடுக்கும் என்பது உண்மை. எத்தனை நொடி என்பதுதான் கேள்வி. ரா கோப்பாக (சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் வடிவம்) தொடர்ந்து எடுத்தால் ஒரு நொடிக்குள்ளேயே கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பிவிடும், வேகம் இறங்கிவிடும். காரணம் எளிது. 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25 எம்பி என்று வைத்தால், 12 படத்துக்கு நொடிக்கு 300 எம்பி. ஆர்50 ஏற்பது யூஎச்எஸ்-1 கார்டு. அந்த வகையின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. ஆர்10, ஆர்7, ஏ6700, இசட்50-2 ஆகியவை யூஎச்எஸ்-2 ஏற்கும். அதன் உச்சவரம்பு 312 எம்பி. பின்புறம் இரண்டு வரிசைத் தங்கநிறத் தொடர்புகள் உள்ள கார்டுதான் யூஎச்எஸ்-2. ஆர்50-இல் அதைப் போட்டாலும் முதல் வரிசை மட்டுமே வேலை செய்யும், கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

தொடக்கநிலைப் பாடியில் இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது: ஜேபெக்கில் எடுப்பது, அல்லது கேனானின் சுருக்கப்பட்ட சி-ரா வடிவத்துக்கு மாறுவது. பட்டனை அழுத்தியே வைத்திருக்காமல் இரண்டு மூன்று படங்களாகத் தட்டித் தட்டி எடுப்பதும் பலன் தரும். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இவை போதும். பறவை, பந்தயம் என்று வாரம்தோறும் போகிறவருக்குப் போதாது. அவர் நடுத்தரத்துக்குப் போவதே சரி. ஆர்7 அல்லது இசட்50-2, கூடவே 400 மி.மீ. வரை போகும் லென்ஸ். இசட்50-2-இல் பறவைக்கென்றே தனி ஃபோகஸ் முறை உண்டு. ஆர்7-இன் 32.5 மெகாபிக்சலும் படத்தை 1.6 மடங்கு நெருக்கிக் காட்டும் சிறிய சென்சாரும் தூரத்துப் பறவைக்குக் கைகொடுக்கின்றன. ஆர்7-இல் எச்சரிக்கை ஒன்று: எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் என்ற எண்ணுக்கு மயங்காதீர்கள். அந்தச் சென்சார் மேலிருந்து கீழாக வாசிக்கப்பட எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம் என்பதால், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து விழும். மெக்கானிக்கலில் 15 படம் போதுமான வேகம், படமும் நேராக வரும்.

எலக்ட்ரானிக் ஷட்டரின் இன்னொரு சங்கடம் எல்இடி விளக்கு. அரங்குகளில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஓடினால் கேமரா கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், அல்லது ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். சோனி இசட்வி-இ10-2-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, வியூஃபைண்டரும் இல்லை. வீடியோவுக்கு அது சிறந்த கருவி. விழாக்களில் ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்க நினைப்பவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

வீடியோவுக்காக வாங்குபவர்

"4கே" என்ற சொல் எல்லாப் பெட்டியிலும் அச்சிட்டிருக்கிறது. கேனான் ஆர்100-இலும் 4கே உண்டு. ஆனால் அங்கே படத்தின் ஓரங்கள் பெருமளவு வெட்டுப்படும், வேகமான இரட்டைப் பிக்சல் ஃபோகஸும் 4கேயில் வேலை செய்யாது. ஆர்50-இல் சென்சாரின் முழு அகலத்திலிருந்து 6கே அளவு எடுத்துச் சுருக்கித் தரும் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் வரை. தரத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆர்10, இசட்50-2 இரண்டிலும் 60 ஃபிரேம் உண்டு, அதிலும் ஓரம் வெட்டுப்படும்.

நிறத்தைப் பின்னால் மாற்றி அமைக்கப் போகிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 8-பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள், 10-பிட்டில் 1,024. முதல் தலைமுறை இசட்வி-இ10 போன்ற 8-பிட் கேமராவில் லாக் முறையில் (பின்னால் வண்ணம் ஏற்றுவதற்காக வெளிறிய நிறத்தில் பதிவது) எடுத்து வண்ணம் ஏற்றினால், வானத்தில் படிப்படியாகக் கோடு விழும். அதில் சாதாரண வண்ண அமைப்பிலேயே எடுப்பது புத்திசாலித்தனம். ஆர்7, ஏ6700, எக்ஸ்-எஸ்20, இசட்50-2 எல்லாம் 10-பிட் லாக் பதிவு தருகின்றன. பேச்சுப் பதிவு முக்கியம் என்றால் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பாருங்கள்: ஆர்50, ஆர்10 இரண்டிலும் மைக் துளை மட்டுமே. ஒரு மணி நேரப் பேட்டியை முடித்த பிறகுதான் மைக்கின் பேட்டரி தீர்ந்துபோனது தெரியவந்தால் எதுவும் செய்ய முடியாது.

பெரும்பாலான வீடியோவுக்கு விலை உயர்ந்த கார்டு தேவையில்லை. நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 எம்பிதான், வி30 என்று குறித்த கார்டு நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் பெரும்பாலும் வாசிப்பு வேகம், எழுதும் வேகம் இல்லை.

பேட்டரி, மழை, பிடிமானம்

பேட்டரியில் இரண்டு வகுப்புகள் தெளிவாகப் பிரிகின்றன. ஆர்50, ஆர்8, ஆர்10 மூன்றும் எல்பி-இ17 பேட்டரியில் ஓடுகின்றன, 1,040 எம்ஏஎச். ஆர்7-இன் எல்பி-இ6என்எச் 2,130. சோனியில் ஏ6400-இன் பழைய எஃப்டபிள்யூ50 1,020, ஏ6700-இன் எஃப்இசட்100 2,280. நாள் முழுக்க வேலை பார்ப்பவருக்குச் சின்னப் பேட்டரி மூன்று இருந்தால் சரி. மலிவான போலிப் பேட்டரி உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்வதும், மீதிச் சார்ஜைத் தவறாகக் காட்டிப் பாதியில் நிற்பதும் பலமுறை நடந்த கதை. நிறுவனத்தின் சொந்தப் பேட்டரி அல்லது பெயர்பெற்ற மாற்றுத் தயாரிப்பு, இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும்.

மழைத் தடுப்பு உள்ள பாடி என்றதும் நம்பி நனைக்காதீர்கள். லென்ஸின் மவுன்ட்டைச் சுற்றி ரப்பர் வளையம் இல்லையென்றால் தண்ணீர் அந்த இடைவெளி வழியே நேராக உள்ளே போகும். கிட் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வளையம் கிடையாது. ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 போல ஐபி53 (தூசி, நீர்த் தடுப்பு) சான்றுள்ள பாடியை அதற்கேற்ற லென்ஸோடு சேர்த்து வாங்கினால்தான் காசு கொடுத்ததற்குப் பலன்.

பிடிமானத்தை எந்தப் பட்டியலிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. 375 கிராம் ஆர்50-இல் ஒரு கிலோ டெலி லென்ஸைப் பொருத்தினால் சுண்டுவிரல் அடியில் தொங்கும், அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். பெரிய கை உள்ளவர்கள், கனமான லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே நடுத்தரத்துக்குப் போகலாம்.

எதற்குக் கீழே இறங்கக் கூடாது

தொடக்கநிலைக்குள்ளேயே ஒரு தரைமட்டம் இருக்கிறது. ஆர்100-இன் திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது. கைபேசியில் தொட்டு ஃபோகஸ் செய்து பழகியவர் ஒரு வாரத்தில் சலித்துவிடுவார். கேனான் 3000டி என்றும் 4000டி என்றும் விற்ற டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். 1500டி அல்லது 2000டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு மூன்று படம், மைக் துளை இல்லை. புதிதாக இவற்றை வாங்குவதைவிட, பயன்படுத்திய நடுத்தரக் கேமரா ஒன்றை வாங்குவது எல்லா வகையிலும் நல்லது.

பயன்படுத்திய டிஎஸ்எல்ஆரில் நிக்கான் டி7500 இன்றும் உறுதியான கேமரா. அதைத் தொடக்கநிலை டி3500, டி5600-இலிருந்து பிரிப்பது பாடிக்குள் இருக்கும் ஃபோகஸ் மோட்டார். டி3500-இல் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸை மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று லென்ஸை முதலில் வாங்கிவிட்டு, அது ஏன் தானாக ஃபோகஸ் ஆகவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏஎஃப்-பி லென்ஸ் மிகப் பழைய பாடிகளில் வேலை செய்யாது, அதையும் சரிபார்க்க வேண்டும்.

பழைய கேமராவைக் கையில் வாங்கியதும் ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது) கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்தால் சென்சாரின் மேல் உள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம். துடைத்தும் போகாத கீறல் இருந்தால் விலகுங்கள். மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-இல் நாலு நொடி எடுத்தால் கெட்டுப்போன பிக்சல்கள் வண்ணப் பொட்டுகளாக மின்னும். லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள்: நூலாம்படை போல் விரிந்திருந்தால் அது பூஞ்சை. கார்டு போடும் இடத்தின் ஊசிகள் நேராக இருக்கின்றனவா, மவுன்ட் திருகுகளில் கீறல் இருக்கிறதா என்பதும் முக்கியம். கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். அணைத்த நிலையில் அசைக்கும்போது உள்ளே லொடலொட சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், குலுக்கல் தடுப்பு உள்ள பாடிகளில் சென்சார் தளர்ந்து கிடப்பதால் வரும் ஒலி அது. கேமராவை இயக்கியதும் நின்றுவிட வேண்டும். கடைசியாக மெனுவின் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென வந்த சில பாடிகளில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், மாற்ற வழி கிடையாது.

புதிதாக வாங்கினால் கடைக்கு உங்கள் கார்டைக் கொண்டுபோங்கள். 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோ, கண் ஃபோகஸ், தொடர் ஃபோகஸ் என்று வைத்து, ஐந்து மீட்டரிலிருந்து ஒருவரை உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லி இருபது படம் எடுங்கள். இரண்டு மாடலிலும் இதைச் செய்து, வீட்டில் கண்களைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்50-இல் முழு ஃபிரேம் கணக்கில் 0.59 மடங்கு, ஆர்7-இல் 0.72, கண்ணை வைத்ததுமே வித்தியாசம் புலப்படும். பாடி எதுவானாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் லென்ஸை ஒருமுறை சோதித்துவிடுங்கள்: செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் நேராக நிறுத்தி, முழுத் திறப்பில் எடுத்து நான்கு மூலைகளின் எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால், கேமரா நேராக நிற்கிறதா என்று பார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே மூலைதான் என்றால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, அந்த லென்ஸை மாற்றித் தரச் சொல்லுங்கள்.